31 நிமிடத் தூக்கம்

தூங்காமல் இருப்பதற்குக் காசு கட்டுகிற ஆளை அம்மா அதுவரை கேள்விப்பட்டதில்லை. "ஓடறதுக்குக் காசு, சரி. மெடல் குடுக்கறான், சட்டை குடுக்கறான். ரெண்டு ராத்திரி தூங்காம கெடக்கறதுக்கு எதுக்கு ஆயி காசு?" என்றார். கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் என் மூன்று மாதச் சம்பளம். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேள்வி இன்னும் நியாயமாகியிருக்கும்.

யூடிஎம்பி என்பது பிரான்ஸின் ஷமோனி ஊரில் தொடங்கி, மோன் பிளாங் மலையைச் சுற்றி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்து வழியாக மறுபடியும் ஷமோனிக்கே வந்து சேரும் ஓட்டம். 2023-ல் 171 கிலோமீட்டர். வழியிலுள்ள ஏற்றங்களை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர். நான் ஓடிய 2023-ல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கியது. முடிக்க 46 மணி 30 நிமிடம் தந்தார்கள், அதாவது ஞாயிறு மாலை 4.30 வரை. 2003-ல் முதன்முதலாக நடந்தபோது 700 பேருக்கு மேல் கிளம்பி 67 பேர்தான் முடித்தார்கள். முதலில் வந்தவர் நேபாளத்தைச் சேர்ந்த ஒரு ஷெர்பா. இப்போது இடம் கிடைப்பதே பெரும்பாடு. தகுதி ஓட்டங்கள் ஓடிப் புள்ளி சேர்த்து, அதற்கப்புறம் குலுக்கலில் பெயர் வர வேண்டும். நான் சியாங் மாய் பக்கம் தோய் இந்தனோன் மலையில் ஓடிப் புள்ளி சேர்த்தேன். முதல் குலுக்கலிலேயே பெயர் வந்தது. மூன்று வருடமாகக் காத்திருக்கும் ஒரு நண்பர் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஓட்டம் என்று சொல்கிறேனே தவிர, என்னைப் போன்ற கடைசிக் கூட்டத்துக்காரர்கள் ஏற்றத்தில் நடப்போம். இறக்கத்தில் முட்டி அனுமதித்தால் ஓடுவோம். சமதளத்தில் ஓடுவதுபோல ஒரு பாவனை செய்வோம். முன்னால் போகிறவர்களுக்கு 20 மணி நேரம். எங்களுக்கு இரண்டு முழு இரவுகள். முதல் ஆளுக்கு இது கால்களின் போட்டி. கடைசி ஆளுக்குத் தூக்கத்தோடு நடக்கும் பேரம்.

நான் இருப்பது ஜொகூர் பாருவில். வேலை உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு செமிகண்டக்டர் ஆலையில், 12 மணி நேர ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கெல்லாம் மோட்டாரில் பாலம் ஏறிவிட வேண்டும். அந்த நேரத்தில் ஜொகூர் பாரு சோதனைச் சாவடியைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், இந்த வட்டாரத்தில் தூக்கம் குறைந்த மனிதர்கள் அதிகம் கூடும் இடம் அதுதான். ஹெல்மெட்டுக்குள் கொட்டாவி விட்டபடி ஆயிரக்கணக்கானவர்கள். சிக்னலில் கால் ஊன்றி நிற்கும்போது பக்கத்து மோட்டார்க்காரர் மெல்லச் சாய்ந்து என் கண்ணாடியில் இடித்து விழித்துக்கொண்டு "சோரி கா" என்று சொன்னது ஒரு முறை அல்ல. எனவே தூங்காமல் இருப்பதில் எனக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மலைதான் இல்லை. புக்கிட் தீமா 163 மீட்டர். 10,000 மீட்டருக்கு அதை 61 முறை ஏற வேண்டும். குனோங் லேடாங் 1,276 மீட்டர், எட்டு முறை. ஓய்வு நாட்களில் குனோங் பூலாய் போவேன், மழை பெய்தால் எங்கள் பிளாட்டின் படிக்கட்டுகள். 18 மாடி ஏறி, லிப்டில் இறங்கி, மறுபடியும் ஏறுவேன். 14-வது மாடிச் சீனப் பாட்டி முதலில் பயந்தார். பிறகு கதவைத் திறந்து வைத்து எண்ண ஆரம்பித்தார். இருபத்தைந்தாவது சுற்றில் ஒருநாள் மண்டரின் ஆரஞ்சு ஒன்றை நீட்டினார்.

அம்மா இந்தப் பயணத்துக்குத் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அதற்குக் காரணம் அண்ணன்.

அண்ணன் லோரி ஓட்டினான். 2012-ல் ஒரு விடியற்காலை, யோங் பெங் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அவன் வண்டி சாலையோரத் தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. தார் ரோட்டில் பிரேக் பிடித்த தடம் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். அந்த வாக்கியத்தின் அர்த்தம் எங்களுக்கு விளங்க இரண்டு நாள் ஆனது. அதற்கு முந்தின 30 மணி நேரத்தில் அவன் எவ்வளவு தூங்கினான் என்று கணக்குப் பார்த்தோம். பினாங்கு போய், சாமான் இறக்கி, திரும்பி, மறுபடியும் ஏற்றி. கணக்கு எங்குமே நான்கு மணி நேரத்தைத் தாண்டவில்லை.

"தூக்கம் வந்தா படுத்துரணும். எந்த எடமா இருந்தாலும். டைம் போனாலும் போவுது. சத்தியம் பண்ணு" என்றார் அம்மா. பண்ணினேன்.

இரவு ஷிஃப்ட்டும் நீண்ட ஓட்டமும் பழகியவர்களுக்குத் தூக்கத்தின் இயக்கம் ஓரளவு தெரியும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் கூடும். காப்பி அந்த அடினோசின் ஒட்டும் இடங்களை அடைத்து வைக்கிறதே தவிர, சேர்ந்ததைக் குறைப்பதில்லை. காப்பியின் வேகம் வடிந்ததும் சேர்ந்திருந்த மொத்தமும் ஒன்றாக வந்து கதவைத் தட்டும். இன்னொரு பக்கம் உடலின் கடிகாரம். அதிகாலை நான்கு, ஐந்து மணிவாக்கில் உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து அமுக்கும். 2013-ல் யூடிஎம்பி ஓடியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஓட்டத்துக்கு முந்தின நாட்களில் கூடுதலாகத் தூங்கி வைத்தவர்கள் வேகமாக முடித்ததாகக் கண்டார்கள். தூக்கத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கலாமாம். நானும் முயன்றேன். ஆனால் ஷமோனிக்கும் மலேசியாவுக்கும் கோடையில் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 6 மணிக்குத் துப்பாக்கி வெடித்தால் என் உடம்புக்கு நள்ளிரவு 12. ஊர் போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆகியும் என் உடம்பு கூலாய் பக்கத்தில்தான் எங்கோ இருந்தது.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் அன்று அதிபர் தேர்தல். எனக்கு ஓட்டு இல்லை, ஆனால் ஆலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. ஷமோனி தேவாலயத்துச் சதுக்கத்தில் வெயிலில் தரையில் உட்கார்ந்து, காலில் வாசலின் தடவிக்கொண்டிருந்தபோது மாதிரி எண்ணிக்கை வந்தது: தர்மன் சண்முகரத்னம், 70 விழுக்காடு. நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த ஸ்பெயின்காரர் என்ன என்று கேட்டார். அந்த ஊர் அரசியலை, நான் மலேசியக்காரி என்பதை, இருந்தும் ஏன் எனக்குச் சந்தோஷம் என்பதை அரைகுறை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் வேஞ்செலிஸின் இசை ஒலிபெருக்கியில் எழுந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் அதே இசைதான். கேட்டதும் பெரிய ஆண்கள் அழுகிறார்கள். எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும்போல இருந்தது.

முதல் 30 கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லே ஊஷ், சான் ஜெர்வே, லே கோந்தமீன் என்று ஊர் ஊராக மக்கள் மாட்டுமணிகளை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் எண்ணில் பெயரும் நாட்டுக் கொடியும் அச்சிட்டிருப்பதால் என் பெயரை அவர்கள் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டு "அலே அலே" என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கை நீட்டுகிறார்கள். நாமும் தட்டிக்கொண்டே போகிறோம். அது ஊர்வலம். நோத்ர டாம் டி லா கோர்ஜ் என்ற சிறிய தேவாலயத்தைத் தாண்டியதும் மக்கள் முடிந்து மலை தொடங்குகிறது.

அங்கிருந்து கோல் டு போனோம் கணவாய்க்கு ஏற்றம். முந்தின நாள்தான் பௌர்ணமி கழிந்திருந்தது. நிலா மலைக்குப் பின்னாலிருந்து வர நேரமாகும் என்பதால் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டோம். ஒவ்வொருவரும் இரண்டு விளக்கு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கூடவே மழைச்சட்டை, விசில், உயிர்காப்புப் போர்வை, ஒரு லிட்டர் தண்ணீர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தண்டனை. நான் விதிக்கு மேல் ஒரு பொட்டலம் அசாம் பொய்யும் வறுத்த நெத்திலியும் வைத்திருந்தேன்.

நள்ளிரவுக்கு மேல் ஓர் இடத்தில் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேலே வானம் தொடங்கும் இடம் வரை விளக்குகள் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தன. ஷமோனியின் கடைகளில் இந்தக் காட்சியின் படத்தைப் பெரிதாக மாட்டியிருப்பார்கள். எல்லாரும் அழகு என்கிறார்கள், அழகுதான். எனக்கு அதைப் பார்த்த நொடியில் ரப்பர்ப்பால் வாடை அடித்தது.

குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா மரம் வெட்டினார். எட்டு வயதில் பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்ட வேண்டும். இரவில் மரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும், பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் இலைகள் வழியே ஈரம் போய் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும். அதனால் மூன்றரைக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, இருட்டிலேயே நிரைக்குள் நுழைய வேண்டும். பாட்டி காலத்தில் நெற்றியில் கார்பைட் விளக்கு. அம்மா காலத்தில் பேட்டரி. தோட்டமெங்கும் இருட்டில் ஆளே தெரியாமல் விளக்குகள் மட்டும் மரத்துக்கு மரம் நின்று நின்று நகரும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு வெட்டு. ஒரு சீவலுக்குப் பட்டை இவ்வளவுதான் போக வேண்டும் என்று கணக்கு. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் வசவு. அரைத்தூக்கத்தில் இதை நானூறு, ஐந்நூறு மரத்துக்குச் செய்ய வேண்டும். அம்மா இருபத்திரண்டு வருடம் செய்தார். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. ஆகவே மழை நாளில்தான் நாங்கள் அம்மா தூங்கிப் பார்த்திருக்கிறோம்.

இந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பேச்சில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. "துன்பம்" என்ற சொல்லை இவர்கள் மொத்த விலைக்கு எடுத்துவிட்டார்கள். துன்பத்தைத் தழுவு, துன்பத்தில் உன்னைக் கண்டுபிடி என்று சட்டையிலும் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். 170 கிலோமீட்டரில் பத்துப் பதினைந்து இடங்களில் சூப்பும் சீஸும் கோலாவும் வைத்துக்கொண்டு, முடியாவிட்டால் ஏற்றிப் போகப் பஸ் நிற்கும்போது, அதற்குத் துன்பம் என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம். அதற்காக நான் குற்றவுணர்ச்சியிலும் வாடவில்லை. என்னை மரம் வெட்டப் போகவிடாமல் இருக்கத்தான் அம்மா மரம் வெட்டினார். மிஞ்சிய உடம்பை நான் மலையில் செலவழிக்கிறேன். அவ்வளவுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஓட்டத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் மார்கோ ஓல்மோ என்ற இத்தாலியர். லோரி ஓட்டியவர், சிமெண்ட் கல்குவாரியில் வேலை செய்தவர். 2006-லும் 2007-லும் யூடிஎம்பியில் முதலாவதாக வந்தார். இரண்டாவது முறை அவருக்கு வயது 58. அம்மாவிடம் அவர் படத்தைக் காட்டிக் கதை சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கல்லு ஒடைச்ச ஆளு. அவருக்குப் பழக்கமா இருக்கும்" என்றார்.

விடியும்போது கோல் டி லா செய்ன். 2,516 மீட்டர், இத்தாலியின் எல்லை. சூரியன் வந்ததும் தூக்கம் பொய்யாக விலகியது. கூர்மாயூரில் பகல் 12 மணி. அங்கேதான் நாம் முன்கூட்டிக் கொடுத்து வைத்த பை கிடைக்கும். காலுறை மாற்றி, பாஸ்தாவில் நெத்திலியைத் தூவிச் சாப்பிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைச் சுளித்தார், பிறகு கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப்பின் பெர்தோனே ஏற்றத்தில் வெயிலில் நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து யாரோ செய்தி சொன்னார்கள்: ஜிம் வால்ம்ஸ்லி 19 மணி 37 நிமிடத்தில் ஷமோனி போய்ச் சேர்ந்துவிட்டாராம். எனக்கு இன்னும் 90 கிலோமீட்டர் பாக்கி. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒருவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கப் போகிறார்.

மாலையில் கிராண்ட் கோல் ஃபெரே ஏறி, சுவிட்சர்லாந்துக்குள் இறங்கி, இருட்டில் லா ஃபூலி தாண்டி, ஷாம்பே என்ற ஏரிக்கரை ஊரை அடைந்தபோது ஞாயிறு பிறந்து முக்கால் மணி நேரம். பெரிய கூடாரம். உள்ளே நுழைந்ததும் சூப்பு, வியர்வை, ஈரக் காலணி எல்லாம் கலந்த வெப்பம். மேசைகளில் தலை கவிழ்த்தபடி ஆட்கள். ஒருவர் கையில் கரண்டியோடு தூங்கினார். நான் ஓர் ஓரத்தில் பாயில்லாத தரையில் படுத்து 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன். அலாரம் அடித்தபோது படுத்ததாகவே தோன்றவில்லை. ஆனால் உதட்டோரம் எச்சில் வழிந்திருந்தது, அது சாட்சி. வெள்ளிக் காலை ஏழு மணிக்குப் பிறகு அதுதான் முதல் தூக்கம்.

அங்கிருந்து திரியான் வரைக்குமான 16 கிலோமீட்டர்தான் இந்த ஓட்டத்தில் எனக்கு மிஞ்சியது. மற்றதெல்லாம் படங்களாகத்தான் நினைவிருக்கிறது.

இரண்டாம் இரவில் கண் பொய் சொல்லும் என்று எல்லாரும் எச்சரித்திருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து ஒரு விஷயத்தை எனக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் வருவான் என்று நினைத்தேன். எங்காவது ஒரு வளைவில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஏதாவது கிண்டலாகச் சொல்வான் என்று. காட்டு ஏற்றம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உருவங்கள் வர ஆரம்பித்தன. ஒரு பாறை, கதவு திறந்த ஃபிரிட்ஜாக இருந்தது. உள்ளே வெளிச்சம்கூட எரிந்தது. மாமாக் கடை சிவப்பு நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். தமிழ்ப்பள்ளியில் கட்டணம் வாங்கும் கிளார்க் ஒருவர் மரத்தடியில் ரசீதுப் புத்தகத்தோடு நின்றார். அவரை நான் முப்பது வருடமாக நினைத்ததே இல்லை. தேவதாரு மரங்களின் தண்டில் சாய்வாக வெட்டுக் கோடு, கீழே மங்கு, அதில் பால். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன், பட்டைதான். பயமாக இல்லை. கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது. அண்ணன் வரவில்லை. வந்ததெல்லாம் சம்பந்தமில்லாத சாமான்கள்.

மணி மூன்றரை இருக்கும். பாதை மலைச்சரிவை ஒட்டிக் குறுகலாகப் போனது. இடப்பக்கம் சரிவு, நிலா வெளிச்சத்தில் மரங்களின் உச்சிகள் என் பாதத்துக்குக் கீழே தெரிந்தன. எனக்கு முன்னால் நீல மழைச்சட்டை போட்ட ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அவருடைய குதிகாலையே பார்த்து நடந்தேன். பிறகு நீலச் சட்டை இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பாதை வேறு மாதிரி இருந்தது. மரங்கள் குறைந்து புல்வெளியாகியிருந்தது. கைக்கோல்கள் இரண்டும் கையிலேயே இருந்தன. கடிகாரத்தைப் பார்த்தேன், கடைசியாகப் பார்த்ததிலிருந்து ஏழு நிமிடம் ஓடியிருந்தது. அந்த ஏழு நிமிடத்தில் குறைந்தது மூன்று வளைவாவது திரும்பியிருப்பேன். ஒன்றுகூட என்னிடம் இல்லை.

கண் சொருகவில்லை, தலை சாயவில்லை. சினிமாவில் காட்டுவதுபோலத் திடுக்கிட்டு விழிக்கவும் இல்லை. தூக்கம் வரப்போகிறது என்று எந்த அறிவிப்பும் இல்லை. நான் விழித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருடமாக அந்த லோரிக்குள் நடந்ததை நான் மனத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கை ஒடிக்க முயன்றிருப்பான், தடுப்பு தெரிந்திருக்கும், அம்மா என்று கத்தியிருப்பான். எத்தனையோ இரவுகளில் அந்த ஒரு நொடியை நீட்டி நீட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தப் புல்வெளியில் நின்றபோது கால்கள் நடுங்கின. குளிரால் என்று முதலில் நினைத்தேன். அவனுக்கு அப்படி ஒரு நொடியே இருந்திருக்காது. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான். அடுத்து வரும் ஓய்விடத்தில் தே ஓ குடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுகூட இருந்திருக்கலாம். அப்படியே நின்றிருக்கும்.

இதில் ஆறுதல் எவ்வளவு, பயங்கரம் எவ்வளவு என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

திரியானில் எனக்கு முக்கால் மணி நேரம்தான் கையிருப்பு இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்குமேலும் இரண்டு பெரிய ஏற்றங்கள். ஒவ்வொரு நிமிடமும் காசு. கொஞ்சம் வேகமாக நடந்தால் தூக்கம் போய்விடும், பாட்டுப் பாடினால் போய்விடும், இன்னொரு காஃபின் ஜெல் போட்டால் போய்விடும். இவையெல்லாம் அந்த நேரத்து மூளை எடுத்துக்கொடுத்த யோசனைகள். அண்ணனுடைய மூளையும் இதைத்தான் எடுத்துக்கொடுத்திருக்கும். பாதையிலிருந்து மேட்டுப்பக்கமாக நான்கடி ஏறி, புல்லில் உட்கார்ந்து, உயிர்காப்புப் போர்வையைப் பிரித்தேன். வெள்ளித்தாள் அந்த அமைதியில் என்னமோ மெகி பாக்கெட்டை ஆயிரம் பேர் ஒன்றாகக் கிழிப்பதுபோலச் சத்தம் போட்டது.

அந்தச் சத்தம் கேட்டு, ஏறி வந்துகொண்டிருந்த ஒருவர் நின்றார். அறுபது வயது இருக்கும், எண்ணில் ஜப்பான் கொடி. என்னைப் பார்த்தார். "ஓகே?" "ஸ்லீப். டென் மினிட்ஸ்" என்றேன். அவர் யோசித்தார். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்து, தன் விளக்கை அணைத்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கு அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. தோளைத் தொட்டு எழுப்பியபோது 11 நிமிடம் ஆகியிருந்தது. ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோலத் தலை குனிந்தார். தன் 11 நிமிடத்தை எனக்காக அங்கே உட்கார்ந்து செலவழித்துவிட்டு எழுந்து போன அவரை, அதற்குப் பிறகு எங்குமே பார்க்கவில்லை. அவர் முடித்தாரா என்று தெரிந்துகொள்ள எண்ணைக்கூடக் குறித்து வைக்கவில்லை.

எழுந்தபோது ஃபிரிட்ஜுகள் இல்லை. இருட்டில் எங்கோ மாட்டுமணி கேட்டது, இந்த முறை உண்மையான மாடுகள். லா ஜியேத் என்ற இடத்தில் ஒரு மாட்டுத் தொழுவத்துக்குள்ளேயே தண்ணீரும் டீயும் வைத்திருந்தார்கள். சாண வாடையில் சூடான இனிப்பு டீ. எனக்கு அழுகை வந்துவிட்டது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. தூங்காத ஆள் எதற்கும் அழுவார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரியானில் விடியவில்லை. கத்தோன்யில் விடிந்துவிட்டது. வல்லோர்சினில் பெருவிரல் நகம் ஒன்று கழன்றது. லா ஃபிளெஜேர் ஏற்றத்தில் வெயிலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கடைசி அசாம் பொய்யைக் கொட்டையோடு வாயில் அடக்கிக்கொண்டேன். அது ஷமோனி வரை வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் காப்பிக் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். முதல் ஆளுக்குத் தட்டியதைவிடக் கடைசி ஆட்களுக்கு அதிகம் தட்டுகிறார்கள் என்று சொல்வார்கள். எனக்கு ஒப்பிட வழியில்லை, ஆனால் நன்றாகவே தட்டினார்கள். 45 மணி 11 நிமிடம். விழித்திருந்தது 56 மணி நேரம், அதில் தூங்கியது 31 நிமிடம்.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் அம்மா வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. அம்மா பக்கத்துத் தாமானில் தனி வீட்டில் இருக்கிறார். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து கோழிகளைப் பார்ப்பார், துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார், ஆறு மணி வரை செய்ய ஒன்றும் இல்லாமல் படியில் உட்கார்ந்திருப்பார்.

அன்று நானும் நேர வித்தியாசத்தில் மூன்றரைக்கே விழித்துக்கொண்டேன். படியில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு தடவை படுத்தேன் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார். கூடாரத்தில் ஒரு தடவை, மலையில் ஒரு தடவை என்றேன். யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்றார். ஜப்பான்காரரைப் பற்றிச் சொன்னேன். "நல்ல மனுசன்" என்றார். பிறகு அந்த ஏழு நிமிடத்தைச் சொன்னேன். மூன்று வளைவு திரும்பியதை, எதுவும் நினைவில் இல்லாததை, பயம் எதுவும் வராததை.

"அண்ணனுக்கும் தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. கோழிக்கூண்டில் ஏதோ சலசலத்தது. "வலிச்சிருக்காதுங்கறியா?" என்றார்.

"ம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூண்டைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்து, பையிலிருந்து என் இரண்டாவது தலைவிளக்கை எடுத்துக் கொடுத்தேன். பெல்ட்டை அவரே சரிசெய்து நெற்றியில் மாட்டிக்கொண்டார், நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் முற்றம் முழுக்க வெள்ளை வெளிச்சம்.

"இவ்ளோ வெளிச்சம் எதுக்கு? கண்ணு கூசுது" என்றார். மறுபடியும் மறுபடியும் அழுத்தி, இருப்பதிலேயே குறைந்த வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அது போதும் என்றார். கூண்டுப் பக்கம் நடந்துகொண்டே, இதற்கு பேட்டரி நம்ம ஸ்பீட்மார்ட்டில் கிடைக்குமா என்று கேட்டார்.